பலாக்கொட்டையைத் திங்கலாம், ஊனத்தான் கூடாது

போன செமஸ்டர் முடிவில் எங்கள் கலைப்பீடத்தில் ஒரு பாரம்பரிய உணவு விழா நடந்தது. மண்சட்டி, முறம், மாக்கோலம் எல்லாம் இருந்தது. ஒரு மேசையில் அவித்த பலாக்கொட்டையை வாழையிலைச் சுருளில் போட்டு, மேலே ரெண்டு தேங்காய்ச் சொட்டு வைத்து, ஒரு சுருள் 250 ரூபா என்று விற்றார்கள். பின்னால் ஒரு பதாகை: 'பாட்டியின் சமையலுக்குத் திரும்புவோம்'.

நாங்கள் நாலு பேர் அந்த மேசைக்கு முன்னால் நின்றோம். நாலு பேரும் குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ரெண்டு பேர் வீட்டில் இன்னும் ரப்பர் பால் வெட்டுறாங்க, மற்ற ரெண்டு வீட்டில் கொழுந்து. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஸ்கூல் போற காலத்தில் இதே பலாக்கொட்டையைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோனா மூடியைப் பாதிதான் திறப்போம். 'தோட்டத்துச் சாப்பாடு' என்று ஒரு பேச்சு, மத்தியானத்துக்குப் பிறகு வகுப்பில் வாயுப் பகிடி வேற. இன்றைக்கு அதுக்கு வாழையிலையும் பதாகையும் கிடைச்சிருக்கு. சந்தோஷம்தான். ஆனா அந்தப் பதாகையில் இருந்த ஒரு சொல் இன்னும் எங்களுக்குத் தொண்டையில் நிக்குது: 'திரும்புவோம்'.

யார் விட்டுட்டுப் போனது, இப்போ திரும்புறதுக்கு?

பேஸ்புக்கிலும் ரீல்ஸிலும் இந்தப் பேச்சு இப்போ நிறைய. நம்ம முன்னோர் சிறுதானியம் சாப்பிட்டாங்க, விதைகளைப் போற்றினாங்க, நாமதான் நாகரிக மோகத்தில் கோதுமை மாவுக்கும் நூடில்ஸுக்கும் போயிட்டோம், வாங்க மறுபடி மண்ணுக்குப் போவோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'நாம' என்கிற அந்தச் சொல்லுக்குள்ளே நாங்க இல்லை. எங்க ஆக்கள் மோகத்தால் மாவுக்குப் போகவில்லை. எங்க தட்டில் என்ன விழணும் என்பதை நூறு வருஷத்துக்கு மேல் எங்க வீட்டு அடுப்பு தீர்மானிக்கவே இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்லணும். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கங்காணி கூட்டிவந்த ஆக்கள் ஊரில் கேழ்வரகும் கம்பும் வரகும் சாப்பிட்டவங்க. இங்கே வந்ததும் தோட்ட நிர்வாகமே அரிசியை இறக்கி, கொடுத்து, சம்பளக் கணக்கில் கழித்தது. விதைக்க நிலமில்லாதவனுக்கு எதற்கு விதை? கூலியை அரிசியாகக் கொடுத்தால் ஆள் ஆறு மணிப் பெரட்டுக்கு வந்துதான் ஆகணும். 1942ல் பர்மா ஜப்பான்காரன் கையில் விழுந்ததும் அந்த அரிசியும் நின்றது, கூப்பனும் கோதுமை மாவும் வந்தது. 1952ல் சீனாவோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம்: வருஷத்துக்கு 50,000 தொன் ரப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் அதை ராஜதந்திர வெற்றியாகப் படித்தோம். வெற்றிதான். ஆனா சப்ரகமுவ மலைகளில் இருட்டோடு எழும்பி மரத்தில் கத்தி வைத்த கைகள் யாருடைய கைகள் என்று அந்தப் பாடத்தில் ஒரு வரி இல்லை. நாங்க வெட்டிய பாலுக்கு நாடு சோறு சாப்பிட்டது. நாங்க ரொட்டி தட்டினோம்.

இன்றைக்கும் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான் மலைக்குப் போற பொட்டலம். ஏன் என்று கேட்டா அம்மாக்கள் ஒரே பதில்தான் சொல்வாங்க: சீக்கிரம் ஆகும், பசி தாங்கும். அஞ்சு மணிக்கு எழும்பி ஆறு மணிக்குப் பெரட்டில் நிக்கவேண்டிய பொம்பளைக்கு அதைவிடப் பெரிய உணவுத் தத்துவம் தேவையில்லை.

அப்படியிருந்தும் விதைகள் எங்க லயங்களில் சாகவில்லை. நாங்க எழுத வந்ததே அதைச் சொல்லத்தான்.

போன லீவில் நாலு பேரும் அவரவர் லயத்தில் வீடு வீடாகப் போய், அடுப்புக்கு மேலே, கூரை வளையில், பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஆராய்ச்சி எல்லாம் இல்லை, நச்சரிப்புத்தான். அவரையில் மட்டும் பச்சைப் பட்டை, ஊதாப் பட்டை, கொட்டை கறுத்தது, கொட்டையில் வெள்ளை மச்சம் வச்சது என்று பலது. சிறகவரை, அதைக் கிராமத்தில் தம்பல என்பாங்க. தட்டப்பயறு, மொச்சை, வாளவரை. வட்டக்காய் விதை, அதாவது நீங்க பூசணி என்பது. கீரை விதை துணியில் முடிச்சுப் போட்டு. ரெண்டு வீட்டில் மட்டும் கைப்பிடி குரக்கன். இரத்தினபுரி மழை உங்களுக்குத் தெரியும், துணியே மூணு நாளைக்குக் காயாது. அதில் விதையைப் பூஞ்சணம் பிடிக்காமல் வச்சிருக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. விறகடுப்புச் சாம்பலில் புரட்டி, புகை படுற இடத்தில் தொங்கவிடுறாங்க. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், புகை வண்டை விரட்டும். கேஸ் அடுப்பு வாங்கின வீடுகளில் விதை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புகை குடிச்சு இருமுற அம்மாவுக்குக் கேஸ் அடுப்பு வேணும்தான். ஆனா ஒரு அடுப்பு மாறும்போது அதுக்கு மேலே தொங்கினதும் போகும் என்று எந்த விழாவிலும் யாரும் சொன்னதில்லை.

இந்த விதைகள் ஏன் தப்பின? ஏனென்றால் இவை எல்லாமே சட்டிக்குப் போறவை. அவரை, தட்டப்பயறு, மொச்சை இதிலெல்லாம் திங்கிற கொட்டையும் ஊனுற கொட்டையும் ஒரே கொட்டை. கொடியிலேயே காயவிட்ட நெத்தை உடைத்து, பெருசாத் தெறிச்சதை ஒரு கையால் ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுறது அப்பாயிக்கு ஒரே வேலை. எது சீக்கிரம் வேகும், எது கருவாட்டோடு சேரும், எது மழையில் அழுகாது என்று வருஷம் வருஷம் நாக்காலும் கையாலும் பார்த்துப் பார்த்து எடுத்த தேர்வு அது. விவசாயத் திணைக்களத்தில் சம்பளத்துக்குச் செய்யிற வேலையை இவங்க அடுப்படியில் சும்மா செய்திருக்காங்க. கடைப் பாக்கெட் விதையில் இது நடக்காது. அது கலப்பினமாக இருந்தா அதோட கொட்டையை எடுத்துப் போட்டாலும் தாய் மாதிரி வராது. போதாக்குறைக்கு மருந்து தடவி ரோஸ் நிறத்தில் இருக்கும். மிஞ்சினதை அவிச்சுத் திங்க முடியுமா? முடியாதென்று காட்டத்தான் அந்த நிறமே.

உலகக் கணக்கையும் ஒருதடவை பார்த்துடுவோம். மனிதர் உணவுக்காகப் பயிரிட்ட தாவரங்கள் சுமார் 6,000. அதில் இன்றைக்கு உலக உணவு உற்பத்தியில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறவை 200க்கும் குறைவு. உலகத்தின் மொத்தப் பயிர் விளைச்சலில் 66 வீதம் வெறும் ஒன்பது பயிர்களில் இருந்து வருது. இது உணவு விவசாய நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிற கணக்கு. ஒரே பயிரை நம்பினா என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்கு அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சம் வரைக்கும் போகத் தேவையில்லை. இதே இலங்கை மலைகளில் கோப்பி ஒரு பூஞ்சணத்தில் அழிந்துதான் தேயிலை வந்தது. ஒற்றைப் பயிரின் முகவரியே நாங்கதான். மலை முழுக்க ரப்பர் அல்லது தேயிலை, அதுக்கு நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, அதுக்குப் பின்னால் சாக்கடைக்கும் மண்மேட்டுக்கும் இடையில் ஒரு துண்டு. அந்தத் துண்டில்தான் மேலே சொன்ன அத்தனை அவரையும் ஏறிக்கிடக்கு.

இப்போ பலாக்கொட்டைக்கு வருவோம்.

அவரை விதையைக் காயவைத்தால் வருஷக்கணக்கில் உறங்கும். பலாக்கொட்டை உறங்காது. காய்ந்தால் செத்துப்போகும். குளிரில் உறைய வைத்தாலும் செத்துப்போகும். பழத்திலிருந்து எடுத்து ஒரு மாசத்துக்குள் மண்ணைப் பார்க்கணும். கன்னொருவயில் 1988இலிருந்து தாவர மரபணு வள நிலையம் இருக்கு, ஜப்பான் உதவியில் கட்டியது. நெல்லும் பயறும் அங்கே குளிர் அறையில் பத்திரமாக இருக்கும், இருக்கட்டும், நல்ல விஷயம். ஆனா நோர்வேயின் பனிக்குள்ளே இருக்கிற உலக விதைக் களஞ்சியத்தாலும் ஒரு பலாக்கொட்டையைக் காப்பாற்ற முடியாது. பலாவைக் காப்பாற்ற ஒரே பெட்டிதான் இருக்கு, அது உயிரோடு நிற்கிற பலாமரம்.

அதுமட்டும் இல்லை. கொட்டை போட்டு வந்த பலா எதுவும் தாய்மரத்தை அச்சாக உரித்து வைக்காது. ஒன்று வருக்கையாகச் சுளை மொறுமொறுவென்று வரும், ஒன்று கூழனாக வழுகும். ஒன்றின் கொட்டை மாவாக வேகும், இன்னொன்று வெந்தாலும் கடுக்கென்று நிற்கும். ஒவ்வொரு கொட்டையும் ஒரு புது மரம், புது ருசி. எந்தக் கொட்டை குழம்புக்கு, எது சாம்பலில் சுட, எது அவிச்சுத் தேங்காயோடு திங்க என்பதற்கெல்லாம் லயத்தில் ஒவ்வொரு மரத்தின் பேரிலும் கணக்கு இருக்கு. 'அந்தக் கோயிலடிக் கொட்டை குழம்புக்கு ஆகாதுடி, சுட்டுத் தின்னு' என்று அம்மாயி சொன்னா அது ஒரு ஆவணம்.

சரி, சமைக்கிற முறையையும் சொல்லிவிடுவோம், 250 ரூபாய்க்கு வாங்கினவங்க தெரிஞ்சுக்கட்டும். மேலே இருக்கிற வெள்ளைத் தோலைக் கத்தியால் கீறி உரிக்கணும். உள்ளே இருக்கிற செந்தோலைச் சாக்கில் போட்டுத் தேய்ச்சாப் பாதி போகும், மிச்சத்தைச் சுரண்டணும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் குழம்புக்கு முக்கால் மணி நேரம் இதுக்கே. அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, கருவாடு போட்டுப் புளிக் குழம்பு, இல்லையென்றால் முருங்கைக்கீரையோடு. கிராமத்தில் வேறு மாதிரி: தேங்காயையும் அரிசியையும் கறுக்க வறுத்து அரைத்து மிளகு போட்டுக் கறுப்புக் கறி. அந்தக் குழம்பு இன்றைக்கு எங்க வீடுகளிலும் கொதிக்குது. கொட்டையை ஈர மணலில் புதைத்து மழைக்காலத்துக்கு வச்சிருக்கிற வித்தையும் அவங்ககிட்ட இருந்து வந்ததுதான்.

இந்த இடத்தில் பாரம்பரியம் பேசுறவங்களுக்கு ஒரு தகவல். இது யாருடைய பாரம்பரியம் என்று சண்டை போட முதல், குருவிட்டவில் இருந்து கொஞ்சம் உள்ளே போனால் பட்டதொம்பலென என்று ஒரு குகை இருக்கு. சிரான் தெரணியகலவும் அவருக்குப் பிறகு வந்தவர்களும் அங்கே தோண்டினாங்க. 30,000 வருஷத்துக்கு மேல் பழைய மண் அடுக்குகளில் கல்லாயுதத்தோடு கருகிய கெக்குணக் கொட்டை ஓடுகள் கிடைத்தன. கெக்குண என்பது இந்த மழைக்காட்டு மரம், பாதாம் மாதிரிப் பருப்பு. அந்த மனுஷன் தமிழனும் இல்லை சிங்களவனும் இல்லை. அவனும் கொட்டையைச் சுட்டுத் தின்றிருக்கான். அதே காட்டில் ஹல் மரத்தின் கொட்டையை ஓடும் தண்ணியில் கசப்புப் போக ஊறவிட்டு மாவாக்கிச் சாப்பிடும் வழக்கம் சிங்களக் கிராமங்களில் இருந்தது. ஹல் கொட்டையும் பலாக்கொட்டை மாதிரித்தான், காயவைத்துப் பெட்டியில் பூட்ட முடியாது. காடு போனால் அந்த மாவும் போகும்.

எங்களில் ஒருத்தியின் அப்பாயி 1974ஐப் பற்றிச் சொன்னதை எழுதாமல் விட முடியவில்லை. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டிருந்த காலம், கூப்பன் குறைந்தது, வேலை நாள் குறைந்தது, மலையகம் முழுக்கச் சாவு கூடியது. சப்ரகமுவவிலும் மரவள்ளி இலையையும் காட்டுக் கிழங்கையும் அவிச்சுத் தின்றாங்க. "விதைக்கு வச்சிருந்த அவரையையும் அவிச்சுட்டோம்டி. அன்னைக்கு ராத்திரி நான் திங்கல, புள்ளைகளுக்குத்தான் போட்டேன். அவரைக்குன்னு அழுதவ நான் ஒருத்திதான் இருப்பேன்." பிறகு மறுபடி விதை எங்கே கிடைத்தது என்று கேட்டோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் ஒரு சிங்கள அம்மாவுக்கு அதுக்கு மூணு நாலு வருஷம் முந்தி இவங்கதான் ஒரு கை அவரை கொடுத்திருக்காங்க, பலாக்கொட்டைக்கு மாற்றாக. அந்தக் கொடியில் இருந்து திரும்பி வந்தது.

லெனின்கிராட் முற்றுகையில் வவிலோவின் விதை நிலையத்து விஞ்ஞானிகள் பட்டினியால் செத்தாங்களே தவிர, காவலுக்கு இருந்த விதைகளைத் தின்னவில்லை. உலகம் அதைக் கொண்டாடுது, கொண்டாடணும். ஆனா பிள்ளைக்குப் பசிக்கும்போது விதையைச் சட்டியில் போட்டவளையும், முன்னாலேயே ஒரு கை விதையை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்து வைத்ததாலேயே அதை மீட்டவளையும் எந்தப் பட்டியலில் வைப்பது? 1977இலும் 1981இலும் 1983இலும் இதே மாவட்டத்தில் லயங்கள் எரிந்தன, எங்க சொந்தக்காரர் பாதிப் பேர் வவுனியாப் பக்கம் போனாங்க. அதுக்குப் பிறகும் அந்த வேலியைத் தாண்டி விதை போய்வந்திருக்கு. இதைச் சொல்லி ஒற்றுமைப் பாட்டு பாட நாங்க வரவில்லை. விதையைக் காப்பாற்ற ஒரு இடம் போதாது, நாலு கையில் இருக்கணும் என்பது அப்பாயிக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

இனி கோபத்துக்கு வருவோம்.

லயத்துக்குப் பின்னால் நாங்க அவரை போடலாம், கீரை போடலாம், மிளகாய் போடலாம். பல தோட்டங்களில் பலா, மா, தென்னை நடக் கூடாது. எழுதின சட்டம் எங்கே என்று கேட்டா காட்ட மாட்டாங்க. ஆனா எங்களில் ஒருவனின் தாத்தா வச்ச பலாக்கன்று இடுப்பளவு வந்தபிறகு ஒரு நாள் காணாமல் போனது. கேட்டதற்குக் கிடைத்த பதில்: "அவரை வச்சா மூணு மாசத்துல போயிடும். மரம் வச்சா நீங்க நெலம் ஒங்களோடதுன்னு சொல்லுவீங்க." அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த நேர்மை பிடிச்சது கூட. மரம் என்றால் ஒரு ஆள் அந்த இடத்தில் நாளைக்கும் இருப்பான் என்று அர்த்தம். எங்களை 200 வருஷமாக வச்சிருக்கிறது மூணு மாசப் பயிர் மாதிரித்தான்.

1951இல் இருந்து இந்த நாட்டில் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கு. அனுமதி இல்லாமல் பலாமரத்தை வெட்டக் கூடாது, ஈரப்பலாவையும் வெட்டக் கூடாது. நல்ல சட்டம். அதுக்கும் முந்தி, வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆர்தர் வி. டயஸ் என்கிற பாணந்துறைக்காரர் ஊர் ஊராகப் பலா நடச் சொல்லி இயக்கம் நடத்தினார், சிங்களத்தில் அவரைக் 'கொஸ் மாமா' என்றே சொல்றாங்க. 2022இல் சாப்பாட்டு விலை ஏறியபோது அந்த மாதிரி முன்கூட்டி நட்ட மரங்கள்தான் பல வீடுகளைத் தாங்கின. அந்த வருஷம் செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதுக்கு முந்தின வருஷம் போராடி வாங்கின ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோதுமை மா விலைக்கு முன்னால் பல்லிளித்தது. கிராமத்தில் பலாமரம் இருந்தவன் கொஸ் அவிச்சான். லயத்தில் இருந்தவன் கிராமத்துக்காரன்கிட்டப் பலாக்காய் விலைக்கு வாங்கினான், இல்லையென்றால் கேட்டு வாங்கினான். பலாவை வெட்ட அனுமதி வேணும் என்று சட்டம் சொல்லுது. பலாவை நடவிடாமல் தடுக்கிறவனுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

இன்னொரு கொட்டையின் கதையும் கேளுங்க. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்கிற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் கொட்டைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். ரப்பர் கொட்டையும் பலாக்கொட்டை ஜாதிதான், காத்திருக்காது, சீக்கிரம் செத்துப்போகும். லண்டன் கியூ தோட்டத்தில் கண்ணாடி வீட்டை ஒழித்துக் கொடுத்து இரவோடு இரவாக ஊன்றினாங்க. முளைத்தது 3,000 கூட இல்லை. அதில் சுமார் 1,900 கன்றுகளை அதே வருஷம் இலங்கைக்கு அனுப்பி, கம்பஹா ஹெனரத்கொடயில் நட்டாங்க. இங்கே சப்ரகமுவவில் நாங்க பால் வெட்டுற மரங்களின் பரம்பரை அது. சின்ன வயசில் அந்தக் கொட்டையைத் தரையில் தேய்ச்சுச் சூடாக்கி, பக்கத்தில் இருக்கிறவன் கையில் வைத்து அலறவைத்த விளையாட்டு எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. காத்திருக்க முடியாத ஒரு கொட்டைக்குக் கப்பல் கிடைத்தது, கண்ணாடி வீடு கிடைத்தது, ஒரு நாட்டின் மலைகளே கிடைத்தது. காத்திருக்க முடியாத இன்னொரு கொட்டைக்கு லயத்துக்குப் பின்னால் நாலு அடி கிடைக்கவில்லை. இதில் எங்கே சார் எங்களுடைய நாகரிக மோகம்?

சிலர் சொல்வாங்க, மரம் வச்சா தேயிலைக்கு நிழல் விழும், வேர் லயத்துச் சுவரை உடைக்கும், மண்சரிவு அபாயம் இருக்கு என்று. சுவர் விஷயம் சரி, லயத்தை ஒட்டி யாரும் பலா கேட்கவில்லை. மண்சரிவைப் பற்றிப் பேசினால் வெறும் மண்மேட்டைவிட மரம் நிற்கிற மேடு மோசமா? கைவிட்ட ரப்பர்க் காணி, மானாப் புல் ஏறின காணி ஒவ்வொரு தோட்டத்திலும் எவ்வளவு கிடக்கு என்று எங்க பிள்ளைகளுக்கே தெரியும். 1992இல் தனியார் கம்பனிகள் வந்து, பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் குத்தகை எழுதி வாங்கினாங்க. ஐம்பது வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க முடிந்த அரசுக்கு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கிறவனுக்கு ஒரு பலாமரம் விரியிற அளவு மண்ணை எழுதிக் கொடுக்க ஏன் முடியவில்லை? ஏழு பேர்ச்சஸ் வீட்டுத்திட்டம் என்று வருது, அதுவும் எங்க பக்கம் வந்து சேர்வது அபூர்வம். நுவரெலியா மாதிரி வாக்கு குவிஞ்சு கிடக்கிற இடம் இல்லையே இது. இரத்தினபுரி, கேகாலையில் நாங்க கிராமங்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கிற ஆக்கள். தொழிற்சங்கத் தலைவருக்கு மேடை போடவே கூட்டம் பத்தாது.

நாங்க தப்பில்லாதவங்க என்று சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டி மூடியைப் பாதி திறந்தவங்க நாங்கதான். சியா விதையை ஊற வச்சுக் குடிக்கிற கெம்பஸ் நண்பர்களைப் பார்த்து நாங்களும் ஒரு பாக்கெட் வாங்கினோம். அதே வாரம் அம்மா அனுப்பின பையில் வட்டக்காய் விதை வறுத்து வச்சிருந்ததை அறையில் யாருக்கும் காட்டவில்லை.

வீட்டில் இன்னொரு அடியும் விழுந்தது. இதெல்லாம் பேசி, 'இனிமே வாரத்துக்கு ரெண்டு நாள் பலாக்கொட்டைக் குழம்பு வைப்போம்மா' என்றதுக்கு, எங்களில் ஒருவனின் அம்மா கையில் இருந்த கொட்டையை அப்படியே அவன் பக்கம் தள்ளி, "அப்ப நீ உரிடா" என்றாங்க. இருபது கிலோ கொழுந்து எடுத்துட்டு வந்த விரல். நகக்கண்ணில் வெடிப்பு. செந்தோலைச் சுரண்டினா அதில் பால் ஏறி எரியும். பாட்டியின் சமையலுக்குத் திரும்புவோம் என்று பதாகை எழுதினவங்களில் எத்தனை பேர் கொட்டை உரிச்சிருக்காங்க? பாரம்பரியம் என்றால் பொம்பளைக்கு இன்னொரு ஷிப்ட் என்று அர்த்தம் ஆகிவிட்டால் நாங்களே அதுக்கு எதிராக நிப்போம். அன்றைக்கு அவன் உரிச்சான், ஒன்றரை மணி நேரம். குழம்பு சுமார்தான்.

தமிழ்நாட்டில் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி எடுத்தார் என்று படிக்கிறோம். நம்மாழ்வாரின் பேச்சுகளை யூடியூபில் கேட்கிறோம். மரியாதை இருக்கு. ஆனா ஜெயராமன் ரெண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த அறுவடையில் நாலு கிலோ திருப்பிக் கேட்டது நிலம் இருந்த விவசாயியிடம். எங்களுக்கு அந்த வீடியோக்களை அனுப்பி 'நீங்களும் செய்ங்க' என்று சொல்ற நண்பர்களே, விதையை நாங்க தாறோம், அடுப்புக்கு மேலே இருக்கு. நீங்க நிலத்தைப் பற்றி எங்களோடு சேர்ந்து கேளுங்க. உணவு விழா நடத்துற பீடத்துக்கும் அதேதான். அடுத்த தடவை மேசைக்குப் பின்னால் பதாகை கட்டும்போது, கொட்டை எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது, அதை உரித்தது யார், அந்த மரம் யாருடைய காணியில் நிக்குது என்று மூணு வரி எழுதுங்க. மூணாவது வரி எழுத முடியுதா பார்ப்போம்.

ஜூலையில் நாங்க நாலு பேரும் எங்க பக்கத்து நாலு மரங்களில் இருந்து கொட்டை எடுத்தோம். கோயிலடி மரம், ஸ்டோருக்குப் பின்னால் நிற்கிறது, ரெண்டு கிராமத்து மரம். கொட்டை பெருசா இருந்ததை, அப்பாயி காட்டினதை மட்டும். பழைய பால்மாப் பையில் மண் நிரப்பி நாற்பது போட்டோம், முப்பத்தொன்று முளைத்தது. கைவிட்டுக் கிடக்கிற ரப்பர்க் காணி ஓரமாக இவற்றை நட அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம், தமிழில் ஒன்று சிங்களத்தில் ஒன்று. லயத்தில் இருபத்திரண்டு குடும்பம் கையெழுத்துப் போட்டாங்க. போடாதவங்களுக்கும் காரணம் இருந்தது, செக்ரோலில் பேர் இருக்கணுமே.

பதில் இன்னும் வரவில்லை. பலாவுக்கு ஆணிவேர் சீக்கிரம் கீழே போகும், பையில் அதிக நாள் வச்சா சுருண்டுபோகும் என்று அப்பாயி தினமும் போனில் கேக்குறாங்க. கன்றுகள் ஒரு முழத்துக்கு வந்துவிட்டன. ரெண்டு பையின் அடியைக் கிழித்துக்கொண்டு வேர் ஏற்கனவே வெளியே வந்து, லயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் இறங்கியிருக்கு.